ஃபிரெஸ்னோவில் கடல் இல்லை

கடலுக்கு நூற்றைம்பது மைல்.
நடுவில் பருத்தி, எண்ணெய்க் கிணறுகள், ஒரு மலைத்தொடர்,
காகிதத் தட்டுகளில் காய்ந்து சுருங்கும் திராட்சை.
இங்கேதான் ஒரு கார் ஷெட்டில் நின்று
அலைகளைப் பற்றிப் பாடினோம்.

வருடம் அறுபத்து மூன்று.
கிதார், காரபெட் நஜாரியன்.
அவன் அப்பா ஆர்மீனியக் கல்யாணங்களில் ஊத் வாசிப்பவர்.
ஒரே தந்தியை மேலும் கீழும் விடாமல் அடித்து
ஒற்றைச் சுரத்தைப்
பட்டாணி பொரிவது போலப் பொரிய விடுவார்.
மகன் அதைத் திருடி மின்சாரத்தில் போட்டான்.
கேட்டவர்கள், ‘அடடா, அசல் பசிபிக்!’ என்றார்கள்.
அப்பா மட்டும்,
‘இது என் மாமன் கல்யாணத்தில் வாசித்தது.
உனக்குக் கொஞ்சம் அவசரம்’ என்றார்.

டிரம்ஸ், வெண்டல் க்ரூகர். நீச்சல் தெரியாது.
பேஸ், ஆர்மாண்டோ சராகோசா.
திராட்சை ஆலையில் இரவு வேலை,
கண் சொருகிய பின்னும் தாளம் தப்பாது.
நான் லோர்னா. மூன்றாவது குரல்,
எல்லோருக்கும் மேலே, கூரைத் தகரம் தொடுகிற உயரத்தில்
வெறும் ‘ஊ’.
சொற்களெல்லாம் பையன்களுக்கு.
எனக்கு ஓர் உயிரெழுத்து.

எங்கள் கடல் எங்கே இருந்தது என்று கேட்டால்,
காரபெட் தவணையில் வாங்கிய ஒரு பெட்டியில்.
உள்ளே தகரத் தொட்டி,
தொட்டியில் தொங்கும் மெல்லிய ஸ்பிரிங்குகள்.
சுரம் காய்ந்து நுழையும்,
முட்டி, மோதி,
நனைந்து திரும்பும்.
அவ்வளவுதான் பசிபிக்.

இசைத்தட்டின் அட்டைக்குப் படம் எடுக்க
பிஸ்மோ கடற்கரைக்குப் போனோம்.
இரவல் வாங்கிய அலைச்சறுக்குப் பலகையைத்
தலைகீழாகப் பிடித்தபடி
மூவரும் சிரித்தார்கள்.
கேமரா என் கையில்.
மணலில் விழுந்த என் நிழல் அட்டையில் இருக்கிறது,
கழுத்து வரை.

எட்டு வாரம் வானொலியில் ஓடினோம்.
மறு பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து
நெற்றியை மறைக்கும் தலைமுடி வந்து இறங்கியது.
எங்கள் பாட்டைப் போடச் சொல்லி
ஆர்மாண்டோவின் தங்கைகள்
குரலை மாற்றி மாற்றி ஃபோன் செய்தார்கள்.
பலனில்லை.

அறுபத்தாறில் வெண்டலை ராணுவம் அழைத்தது.
கப்பலிலிருந்து ஒரே ஒரு கடிதம்:
‘கடல் மிகப் பெரியது, லோர்னா.
நாம் பாடியதில் ஒரு வரிகூட உண்மையில்லை.
ஆனால் ராத்திரி இன்ஜின் இரைச்சலுக்கு மேலே
உன் ஊ மட்டும் சரியாகப் பொருந்துகிறது.’
திரும்பி வந்தான்.
நீச்சல் குளம் தோண்டும் கம்பெனி ஆரம்பித்தான்.
நானூறு குளம் தோண்டியிருப்பான்,
ஒன்றிலும் இறங்கியதில்லை.

பிறகு எங்கெங்கோ கேட்டேன் அதை.
கிழிந்த சட்டைப் பையன்கள் கோபத்தில் கிதாரை விளாசும்போது
அதே பட்டாணி.
காதல் முறிந்தவர்கள் தனி அறையில்
தம் குரல்மேல் தம் குரலையே அடுக்கும்போது
அதே கூரைத் தகரம்.
யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.
தண்ணீருக்கு எந்த ஊற்று என்றா
பார்த்துக் குடிக்கிறோம்?

ஆனாலும் போன மாதம்
போர்ட்டோ அலெக்ரேயிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள்:
‘அட்டையில் மூன்று பேர்.
எண்ணிப் பார்த்தேன், குரல் நான்கு.
அந்த மேல்குரல் யார்?’

இன்னும் பதில் போடவில்லை.
நிழல் என்று எழுதுவதா,
என் முழுப் பெயரையா?

காரபெட் போன பிறகு பெட்டி என் வீட்டில்,
சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில்.
சில ராத்திரி அதை உயிர்ப்பித்து
காலால் ஓர் உதை விடுவேன்.
ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று மோதி
வீடு முழுக்க இடி.
பக்கத்து வீட்டு நாய்
இந்த வறண்ட ஆகஸ்டில்
மழை வந்துவிட்டதென்று நம்பிக்
குரைக்கிறது, குரைக்கிறது.